முயலுக்காக ஒரு மனு

மதிப்பிற்குரிய விழுப்புரம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

திங்கட்கிழமை குறைதீர் நாளில் நேரில் வந்து கொடுத்திருக்க வேண்டிய மனு இது. பட்டா மாறுதலுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் விடியற்காலையில் பஸ் ஏறி வந்து நிற்கிறவர்களின் வரிசையில், முயலுக்காக ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ள மனம் வரவில்லை. அதனால் ஊரறிய எழுதிவிடுகிறேன்.

ஆரோவில்லை ஒட்டிய கிராமம் ஒன்றில் நாங்கள் சிலர் சேர்ந்து, கைவிடப்பட்ட முயல்களை எடுத்துத் தேற்றி, தகுந்த வீடு பார்த்துக் கொடுத்து வருகிறோம். சம்பளம் கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது. ஆரோவில்லில் நாய்களுக்குக் காப்பகம் இருக்கிறது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் 1962-க்குப் போன் போட்டால் வண்டி வருகிறது. முயலைத்தான் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. வளர்க்கிறவருக்கு அது பொம்மை, தின்கிறவருக்குக் கோழிக்கு மாற்று.

எங்களிடம் முயல் வந்து சேரும் கதை அநேகமாக ஒன்றுதான். பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரு ஜோடி வாங்குவார்கள். "ரெண்டும் பொட்டைதான், குட்டி போடாது" என்று சொல்லி விற்றிருப்பார்கள். குட்டி முயலில் ஆண் பெண் பார்ப்பது பழகிய கைக்கே தடுமாறும் வேலை. நான்கைந்து மாதத்தில் அவை பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் ஒரு மாதம், ஈன்ற அன்றைக்கே மறுபடி சினைப்பிடிக்கவும் கூடும். வருஷம் திரும்புவதற்குள் மொட்டைமாடி நிறைந்து, மூத்திர நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். அப்போது எல்லோருக்கும் ஒரே யோசனைதான் தோன்றும்: "ஆரோவில் காட்டுல விட்டுடலாம், பொழைச்சுக்கும்."

பிழைக்காது. 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது பொட்டலாகக் கிடந்த செம்மண்ணில் கன்று வைத்து வளர்த்த காடு இது. இங்கே காட்டு முயல் உண்டு. அதன் பிடரியில் கறுப்புத் திட்டு இருக்கும். வளை தோண்டாமல் புல்லுக்குள் பதுங்கிப் படுக்கும், குட்டிகள் கண் திறந்து மயிரோடு பிறக்கும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் (1972) அதைக் காக்கிறது. கடையில் விற்கும் வெள்ளை முயல் வேறு இனம், ஸ்பெயின் பக்கத்துப் பூர்வீகம். இரண்டும் கூடினால் குட்டிகூடப் பிறக்காது. செம்மண்ணில் வெள்ளையாக உட்கார்ந்திருக்கும் பிராணி கீரிக்கும் பருந்துக்கும் தெருநாய்க்கும் எத்தனை தூரத்திலிருந்து தெரியும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் 1859-இல் ஒரு பண்ணையார் அவிழ்த்துவிட்ட இருபத்துச் சொச்சம் முயல்கள் கண்டத்தையே மேய்ந்தனவே என்று படித்தவர்கள் எங்களிடம் வாதாடுவதுண்டு. அவர் விட்ட விக்டோரியாச் சீமையின் குளிரும் நம் மரக்காணத்து அக்னி நட்சத்திரமும் ஒன்றா? முயலுக்கு உடம்பில் வியர்க்காது, காது வழியாகத்தான் சூடு இறங்க வேண்டும். சித்திரையில் எங்கள் கூண்டுகளின்மேல் ஈரச் சாக்கு காயாமல் பார்த்துக்கொள்வதற்கே ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

முந்திரித் தோப்பு ஓரத்தில் எடுத்த ஒன்றுக்குக் கீழ்ப்பற்கள் வளைந்து மேலுதட்டைக் குத்திக்கொண்டிருந்தன. வாயருகே புல்லை நீட்டினால் ஆசையாக முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். முயலின் பல் சாகும்வரை வளரும், புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயும். பிஸ்கட்டும் சோறும் மட்டுமே பார்த்த பற்கள் அவை.

இவற்றுக்கு வீடு பார்ப்பது என்றால், பாதிக்கு மேல் "இல்லை" என்று சொல்லி அனுப்புவதுதான். முயல் ரத்தத்தில் கூந்தல் தைலம் காய்ச்சக் கேட்டு வருகிறார்கள். குழம்புக்குக் கேட்பவர் அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறார், அந்த நேர்மைக்காக அவர்மேல் எனக்குக் கோபமில்லை. பரீட்சை லீவுக்கு மட்டும் கேட்கும் பெற்றோர்தான் அதிகம், எட்டுப் பத்து வருஷம் வாழும் பிராணி இது என்றதும் போனை வைத்துவிடுகிறார்கள். கார் நிறுத்த இடம் உள்ள வீடுகளிலிருந்து வரும் முதல் கேள்வி, "என்ன கலர் இருக்கு?" மரக்காணம் உப்பளத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மா கேட்டது வேறு: "இதுக்கு வயிறு ஊதுச்சுன்னா என்ன செய்யறது?" ஆடு வளர்த்த கை. முயல் அரை நாள் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் உயிர் போகிற அவசரம் என்பதை அவருக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அருகம்புல்லும் வேலிமசாலும் அவர் வீட்டுப் பக்கமே கிடைக்கின்றன. எங்கள் பட்டியலில் ஆகச் சிறந்த வீடு அந்த ஓலைக்கூரைதான். கொடுத்த முயலை அவர் திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

ஐயா, காப்பகம் கட்ட இடம் கேட்டு இதை எழுதவில்லை. கொடுத்தால் அதுவும் ஆறு மாதத்தில் நிரம்பும். விற்கிற இடத்தில் மடையை அடைக்காமல் இங்கே எத்தனை கூண்டு வைத்தும் பயனில்லை. செல்லப்பிராணிக் கடை விதிகள் 2018-இலேயே வந்துவிட்டன. அவற்றில் நாய், பூனையோடு முயலையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். மாநில விலங்குகள் நல வாரியத்தில் கடையைப் பதிவு செய்ய வேண்டும், யாருக்கு விற்றோம் என்று ஏட்டில் எழுத வேண்டும். கூடையில் வைத்துச் சாலையோரம் விற்பவரிடம் ஏடு ஏது? மாவட்டத்துக்கு ஒரு பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கம் வேண்டும் என்கின்றன 2001-ஆம் ஆண்டு விதிகள். அந்தச் சங்கத்தின் கூட்டத்தில், நாய்க்கடியும் மாடு கடத்தலும் பேசி முடித்தபின் முயலுக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கருத்தடை. 2023-இன் விலங்குகள் கருத்தடை விதிகளில் நாய்க்கும் பூனைக்கும் வழி இருக்கிறது, முயலுக்கு இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1988-இல் தொடங்கிய 'ஹவுஸ் ராபிட் சொசைட்டி' கருத்தடை செய்த முயலைத்தான் வீடுகளுக்குக் கொடுக்கிறது. எங்களால் அது முடியவில்லை. ஆணையும் பெண்ணையும் பிரித்துக் கொடுத்து, எழுதி வாங்கிக்கொள்வதோடு சரி. வானூர், மரக்காணம் வட்டங்களில் ஒரே ஓர் அரசு கால்நடை மருத்துவருக்காவது முயல் அறுவையில் பயிற்சி கிடைத்தால் போதும். பயிற்சிக்கு வெகுதூரம் போக வேண்டாம், புதுச்சேரி குரும்பாபேட்டிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாய்க்குத் தரும் மருந்தை அப்படியே முயலுக்குத் தர முடியாது என்பதால் கேட்கிறேன். வாய்வழி அமாக்சிசிலின் முயலின் குடலைக் கெடுத்துக் கொன்றுவிடும், உண்ணிக்குத் தெளிக்கும் ஃபிப்ரோனிலும் அதற்கு விஷம். தெரியாமல் கொடுத்து இழந்தவர்கள் எங்களுக்குப் போன் செய்து அழுதிருக்கிறார்கள்.

பள்ளி விழாவிலோ திருமண மண்டபத்திலோ முயலைப் பரிசாகக் கொடுப்பதையும், பறிமுதல் செய்த முயலைக் "காட்டில் விடுவித்தோம்" என்று அதிகாரிகள் படம் எடுத்துப் போடுவதையும் நிறுத்தச் சொல்லி ஒரு சுற்றறிக்கை வேண்டும். அந்த முயல்களை எங்களிடம் கொடுத்துவிடலாம், நடு இரவானாலும் வந்து வாங்கிக்கொள்கிறோம்.

கடைகளை ஆய்வு செய்ய ஆள் அனுப்புவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அனுப்புங்கள். மற்ற நாட்களில் போனால் மீன் தொட்டியும் லவ் பேர்ட்ஸ் கூண்டும்தான் கண்ணில் படும்.

இப்படிக்கு,
ஆரோவில் பக்கத்திலிருந்து ஒரு தன்னார்வலர்