மாப்பிள்ளை கியூபாக்காரனா?

அந்தப் பெண்ணுக்கு அந்த ஆள் கணவன் என்று காட்டினால் அமெரிக்காவில் எவரும் நம்பமாட்டார்கள் என்றனர், சி.பி.எஸ். நிறுவனத்தின் மேல்மாடியில் வீற்றிருந்த மேதாவிகள். ஆண்டு 1950. பெண், லூசில் பால் என்ற நடிகை. ஆள், டெசி அர்னாஸ் என்ற இசைக்குழுத் தலைவர். வேடிக்கை என்ன தெரியுமா, தோழர்களே? அந்த இருவரும் 1940 முதலே கணவன் மனைவி! ஊரறிய மணந்து, பத்தாண்டுக் காலம் குடித்தனம் நடத்தியவர்களைப் பார்த்து, உங்களைத் தம்பதிகள் என்று ஒருவரும் ஒப்பமாட்டார்கள் என்று சொன்ன அறிவை என்னென்பது!

காரணம் இதுதான். அர்னாஸ் கியூபா நாட்டவர். ஸ்பானிய மொழி பேசி வளர்ந்தவர். ஆங்கிலம் அவர் நாவிலே வேறோர் ஓசையுடன் உருளும். தந்தை சாந்தியாகோ நகரத்தின் மேயராக இருந்தவர். 1933 புரட்சியிலே தந்தைக்குச் சிறை, குடும்பத்துக்கு வறுமை. மியாமிக்கு ஓடிவந்து, கனேரிக் குருவிகளின் கூண்டு கழுவி வயிறு கழுவிய இளைஞர்தான், பிற்காலத்தில் அமெரிக்கா முழுவதையும் சிரிக்க வைத்தார்.

லூசில் பால் மேல்மாடிக்காரர்களிடம் மன்றாடவில்லை. கணவரை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். மேடையில் இருவரும் சேர்ந்து நடித்தனர். மக்கள் கைதட்டினர். நம்பமாட்டார்கள் என்று எவரைக் காட்டிப் பயமுறுத்தினார்களோ, அந்த மக்களே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்! 1951 அக்டோபர் 15-இல் ‘ஐ லவ் லூசி’ என்ற நகைச்சுவைத் தொடர் தொலைக்காட்சியில் தொடங்கியது.

அந்தத் தொடரின் உள்ளே ஒரு கட்டுப்பாடு இருந்தது. கணவனின் ஆங்கில உச்சரிப்பைக் கேலி செய்யும் உரிமை மனைவி லூசி ஒருத்திக்கே உண்டு; வேறு பாத்திரம் கேலி செய்தால் அவையிலே சிரிப்பு எழவில்லை என்று கண்டுகொண்டார்கள். உரிமையோடு சீண்டுவது வேறு, அயலான் இளிப்பது வேறு என்று, சோப்பும் சிகரெட்டும் வாங்கிப் பிழைக்கும் எளிய மக்களுக்குத் தெரிந்திருந்தது. மேல்மாடிக்குத்தான் தெரியவில்லை.

இனி, கணக்குக்கு வருவோம். சிரிப்பைவிடச் சுவையான பகுதி இதுதான். அந்நாளில் பெரும்பாலான நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரடியாகச் செல்லும். மேற்குக் கடற்கரை மக்களுக்குத் தொலைக்காட்சித் திரையையே படம்பிடித்து அனுப்புவார்கள். பனிமூட்டத்தில் பார்த்ததுபோல மங்கித் தெரியும். இந்தத் தம்பதிகளோ ஹாலிவுட்டைவிட்டு நகரமாட்டோம், 35 மி.மீ. பிலிமிலே எடுப்போம் என்றனர். செலவு ஏறுமே என்று அலறினர் முதலாளிகள். அப்படியா, எங்கள் சம்பளத்தில் வாரத்துக்கு 1,000 டாலர் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எடுத்த படங்கள் எங்கள் நிறுவனமான டெசிலுவின் உடைமை என்றனர் தம்பதிகள். நல்ல பேரம் என்று மகிழ்ந்து கையெழுத்திட்டார்கள், கணக்குத் தெரிந்த கனவான்கள்! ஒருமுறை காட்டிய நாடகத்தை மறுமுறை யார் பார்ப்பார் என்பது அவர்கள் எண்ணம். சில ஆண்டுகளில், அதே படங்களை அதே சி.பி.எஸ். நாற்பது இலட்சம் டாலருக்கும் மேல் கொடுத்து விலைக்கு வாங்கியது.

எடுத்த முறையும் எளிதன்று. ஏறத்தாழ முந்நூறு பேர் அமர்ந்து பார்க்க, மூன்று காமிராக்கள் ஒரே நேரத்தில் ஓடவேண்டும். ஒவ்வொரு காமிராவுக்கும் தனித்தனியே விளக்கை மாற்ற முடியாது. இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் ஜெர்மனியில் ‘மெட்ரோபோலிஸ்’ படத்தை ஒளிப்பதிவு செய்த கார்ல் பிராயிண்ட். மேலிருந்து ஒரே சீராக ஒளியைப் பொழியவிட்டார். காட்சிச் சுவர்களுக்குச் சாம்பல் நிறமே பூசினர். எழுதியவர்களுள் ஒருவர் மேடலின் பியூ என்ற பெண்மணி. லூசி செய்யவேண்டிய கோமாளித்தனங்களைத் தாமே முதலில் செய்து பார்ப்பாராம்.

1952-இல் லூசில் பால் கருவுற்றார். வந்தது அடுத்த தடை. நாற்காலிக்குப் பின்னே மறைத்து நில்லுங்கள் என்று யோசனை கூறினர். அர்னாஸ் மறுத்து, விளம்பரதாரரான பிலிப் மாரிஸ் சிகரெட் கம்பெனியின் தலைவருக்கே கடிதம் எழுதினார். அதன் பிறகே தடை நீங்கியது என்று தம் வரலாற்று நூலில் சொல்லியிருக்கிறார். ஆயினும், கர்ப்பம் என்ற பொருளில் வழங்கும் நேரான ஆங்கிலச் சொல்லை உச்சரிக்கலாகாது என்றது சி.பி.எஸ்.! கதைகளைக் கத்தோலிக்கப் பாதிரியார், புராட்டஸ்டண்ட் போதகர், யூத குரு ஆகிய மூவரும் படித்துப் பார்த்தனர். ஒரு தாயின் வயிற்றுக்கு மூன்று முத்திரை! 1953 சனவரி 19-இல் திரையில் லூசிக்குக் குழந்தை பிறந்தது. மருத்துவமனையில் லூசில் பாலுக்கும் அன்றே ஆண்மகவு. பார்த்தவர் ஏறத்தாழ 4 கோடியே 40 இலட்சம் பேர். மறுநாள் ஐசன்ஹோவர் பதவியேற்றதைப் பார்த்தவர் இதைவிடக் குறைவு.

அவ்வளவு புகழும் அவரைக் காக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், செந்நிறத்தார் என்று பழி பரவியது. 1936-இல் வாக்காளராகப் பதிந்தபோது கம்யூனிஸ்டுக் கட்சியின் பெயரைக் குறித்திருந்தார். சோஷலிஸ்டான பாட்டனாரின் மனம் குளிர அப்படிச் செய்ததாக விசாரணையில் கூறினார். அந்நாளில் இதனினும் சிறிய சந்தேகத்துக்குத் தொழிலிழந்து தெருவில் நின்ற கலைஞர்கள் உண்டு. படப்பிடிப்பைக் காண வந்திருந்த மக்கள்முன் அர்னாஸ் நின்றார். என் மனைவியிடம் சிவப்பு தலைமுடி ஒன்றுதான், அதுவும் சாயம் என்றார்! அவை ஆர்ப்பரித்தது. கருப்பு வெள்ளைத் திரையில் அந்தச் சிவப்பைக் கண்டவரே இல்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள். சிகரெட் கம்பெனி விலகவில்லை, அவர் பிழைத்தார். அத்தனை மில்லியன் பேரின் அன்பு இல்லாத சிறு நடிகையாயிருந்தால்?

திரையில் லூசி, மேடையேற ஒரு வாய்ப்புத் தாருங்கள் என்று கணவனைக் கெஞ்சுவாள், கணவன் மறுப்பான். திரைக்கு வெளியே கதை வேறு. 1960-இல் மணமுறிவு, அர்னாஸின் குடியும் பிறவும் அதற்குக் காரணமென்பது ஊரறிந்தது. 1962-இல் அவர் பங்கை அம்மையார் விலைக்கு வாங்கி, டெசிலுவின் தலைமையை ஏற்றார். அதன் கொட்டகைகளில் ஒன்று ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவாக இருந்தது. 1930-களில் அங்கேதான் அவர் சம்பளத்துக்குச் சிறு வேடம் கட்டினார். அப்போது அவரை உள்ளே விட்ட வாயிற்கதவு, இப்போது அவருடையது.