மாணவர்களுக்குப் பாதுகாவலர் யார்?

வளைகுடா நாட்டுக்குக் கட்டட வேலைக்குத் தொழிலாளியை அனுப்பிவைக்கும் முகவர், 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்து, பிணைத்தொகை செலுத்தி உரிமம் பெற வேண்டும். அவரால் ஏமாற்றப்பட்டவர் முறையிட, வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் குடிபெயர்வோர் தலைமைப் பாதுகாவலர் இருக்கிறார். ஆனால், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடமும் விசாவும் வாங்கித் தருவதாகக் கூறி லட்சக்கணக்கில் பணம் பெறும் முகவரை இச்சட்டம் தொடுவதில்லை. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் மட்டும் 3,31,602 இந்திய மாணவர்கள் இருந்தனர். எண்ணிக்கையில் சீனாவையும் விஞ்சினர். இத்தனை பேருக்கும் பாதுகாவலர் என்று யாரும் இல்லை.

இதன் சுமை யார் தலையில் விழுகிறது என்பதை அறிய, சித்தூர் மாவட்டத்தின் பங்காருபாளையத்தைப் பார்க்கலாம். தமிழகத்தார் கிளிமூக்கு என்றழைக்கும் தோத்தாபுரி மாம்பழத்தின் சந்தை அது. 2025-இல் விலை சரிந்தபோது ஆந்திர அரசு கிலோவுக்கு ரூ. 12 என அறிவித்தது, அதில் ரூ. 8 ஆலைகளும் ரூ. 4 அரசும் தர வேண்டும். அமெரிக்க விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர், மாணவர் பதிவுக் கட்டணம் 350 டாலர். இரண்டையும் செலுத்தவே ஒரு விவசாயி ஏறத்தாழ நான்கு டன் மாம்பழம் விற்றாக வேண்டும். விசா மறுக்கப்பட்டால் விண்ணப்பக் கட்டணம் திரும்பக் கிடைக்காது.

கட்டணத்தைவிடக் கடினமானது, முதலாண்டுப் படிப்புக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் பணம் இருப்பதாகக் காட்டுவது. விவசாயியின் செல்வம் நிலத்தில் இருக்கிறதே தவிர, வங்கிக் கணக்கில் இல்லை. பொதுவாக ரூ. 7.5 லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கிகள் சொத்துப் பிணை கேட்கின்றன. கடன் வசூலுக்கான 2002-ஆம் ஆண்டின் சர்பாசி சட்டத்திலிருந்து விவசாய நிலத்துக்கு விலக்கு உண்டு என்பதால், அதனைப் பிணையாக ஏற்க வங்கிகள் தயங்குகின்றன. விவசாயியைக் காக்க வந்த விலக்கே அவர் மகனின் படிப்புக்குத் தடையாகிறது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமரின் வித்யாலட்சுமி திட்டமோ உள்நாட்டு நிறுவனங்களில் சேர்வோருக்கு மட்டுமே.

இந்த இடைவெளியில்தான் முகவர் நுழைகிறார். சில வாரங்களுக்கு மட்டும் கணக்கில் பணம் போட்டுக் காட்ட, வட்டிக்கு ஆள் பிடித்துத் தருகிறார். மாணவர் சொல்லும் முதல் பொய் அதுதான். தவறான ஆவணம் தந்து விசா கோரியதாக முடிவானால், அமெரிக்கச் சட்டப்படி அந்நாட்டுக்குள் நுழைய நிரந்தரத் தடை வரும். பொய்யைச் சொல்லிக் கொடுத்தவருக்கோ இங்கே உரிமமும் இல்லை. ஆகவே, அது ரத்தாகும் என்ற அச்சமும் இல்லை.

விளைவுகளை நாடு கண்டிருக்கிறது. 2011 ஜனவரியில் கலிபோர்னியாவின் டிரை-வேலி பல்கலைக்கழகம் மூடப்பட்டபோது, பாதிக்கப்பட்ட மாணவர்களில் பெரும்பாலோர் அன்றைய ஒருங்கிணைந்த ஆந்திரத்தைச் சேர்ந்தவர்கள். சிலரின் கணுக்காலில் கண்காணிப்புக் கருவி பூட்டப்பட்டது. அதை அகற்றுமாறு இந்தியா வலியுறுத்தியது. பல்கலைக்கழகத்தை நடத்தியவருக்கு 2014-இல் 16 ஆண்டுகளுக்கு மேல் சிறைத் தண்டனை கிடைத்தது.

2019-இல் வெளிவந்தது இதனினும் விசித்திரம். மிச்சிகனில் இயங்கிய பார்மிங்டன் பல்கலைக்கழகம், அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே விரித்த வலை. முதற்கட்டமாகக் கைதான 130 மாணவர்களில் 129 பேர் இந்தியர்கள். வேலை பார்ப்பதற்காகத் தெரிந்தே சேர்ந்தார்கள் என்பது அமெரிக்க அரசின் வாதம். சிலரைப் பொறுத்தவரை அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், கட்டணம் வாங்கிய அப்பல்கலைக்கழகத்தில் ஓர் ஆசிரியரும் இல்லை, ஒரு வகுப்பும் நடக்கவில்லை. கட்டணத்தைத் திரும்பக் கேட்கும் வழக்கைத் தொடரலாம் என்று 2024 ஜூனில்தான் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

படித்தவர்கள் விசாரித்துச் சேர வேண்டாமா என்ற கேள்வி எழலாம். விசாரிக்க வேண்டியதுதான். ஆனால், அமெரிக்க அரசின் அங்கீகாரப் பட்டியலிலேயே இடம்பெற்றிருந்த ஒரு போலியைக் குடும்பத்தின் முதல் பட்டதாரி எவ்வாறு கண்டறிவார்?

பஞ்சாப் 2012-இலேயே பயண முகவர்களுக்கு உரிமம் கட்டாயமாக்கும் சட்டம் இயற்றியது. ஆயினும், ஜலந்தர் முகவர் அளித்த போலி அனுமதிக் கடிதங்களால் கனடா சென்ற மாணவர்கள் 2023-இல் நாடு கடத்தப்படும் அபாயத்துக்கு உள்ளாகினர். நாட்டின் எல்லை தாண்டும் வணிகத்தை மாநிலச் சட்டம் மட்டும் கட்டுப்படுத்திவிடாது என்பதே இதன் பாடம்.

1983 சட்டத்துக்கு மாற்றான வரைவு மசோதாவை வெளியுறவு அமைச்சகம் 2025-இல் பொதுமக்களின் கருத்துக்காக வெளியிட்டது. புதிய சட்டம் எதுவாயினும், கல்வி முகவர்களும் அதன் வரம்புக்குள் வர வேண்டும். அவர்களுக்குப் பதிவும் பிணைத்தொகையும் கட்டாயமாக வேண்டும். எந்தப் பல்கலைக்கழகத்திடம் எவ்வளவு தரகு பெறுகிறார்கள் என்பதை மாணவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கச் செய்ய வேண்டும். விவசாயக் குடும்பங்களின் கல்விக் கடனுக்கு நிலத்தின் இடத்தில் அரசு உத்தரவாதம் நிற்க வேண்டும்.

தங்கள் எல்லைக்குள் யாரை அனுமதிப்பது என்பது அந்தந்த நாடுகளின் உரிமை. அதில் தில்லி தலையிட முடியாது. ஆனால், சித்தூரிலும் திருப்பதியிலும் சென்னையிலும் முகவர்கள் நடத்தும் அலுவலகங்கள் இந்திய மண்ணில்தான் இருக்கின்றன. அவற்றின் மீது நடவடிக்கை எடுக்க எந்த வெளிநாட்டின் அனுமதியும் தேவையில்லை.