புரட்டாசி விரதம் ஒருத்தர் தலையில மட்டும் விழக்கூடாது



புரட்டாசி நெருங்குது. செப்டம்பர் 17 வாக்கில் தொடங்கினால் அக்டோபர் நடுப்பகுதி வரைக்கும் நம்ம வீடுகள்ல சைவம்தான். 31 நாள், நாளுக்கு மூணு வேளை என்று வைத்தால் 93 வேளை. இந்த 93 வேளைக்கும் என்ன சமைப்பது என்று யார் யோசிக்கிறார்கள்? பெரும்பாலான வீடுகளில் ஒரே ஒருத்தர்தான். அம்மா, இல்லைன்னா மருமகள். அவரும் வேலைக்குப் போய், ரோட்டு ஜாம்ல மாட்டி, ஆறரை மணிக்கு வீடு வந்து சேருகிறவர்.

கோயில் சமையல்கட்டில் காய் நறுக்கிக்கொண்டே நாங்கள் வருஷா வருஷம் கேட்கும் பேச்சு இது: "எல்லாம் செஞ்சாச்சுக்கா, இன்னைக்கு என்ன செய்யறதுன்னே தெரியல." முதல் வாரம் கூட்டு, பொரியல், பாயசம் என்று அமர்க்களப்படும். இரண்டாவது வாரம் சாம்பாரும் அப்பளமும். மூணாவது வாரம் மேகி. நாலாவது வாரம் பாக்கெட் சைவ மட்டன். பிள்ளைங்க "எப்போம்மா முடியும்?" என்று நாள் எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.

இதில் பக்திக்கு ஒரு குறையும் இல்லை. எழுதி வைக்கும் பழக்கம்தான் நம்மிடம் இல்லை. இதுதான் எங்கள் கருத்து.

அன்னதானத்துக்கு 300 பேர் வந்தாலும் எப்படி நேரத்துக்கு இலை போட முடிகிறது? அன்று காலையில் வந்து யாரும் யோசிப்பதில்லை. பத்துப் பேருக்கு 1 கிலோ அரிசி என்றால் 300 பேருக்கு 30 கிலோ. பருப்பை யார் ஊற வைப்பது, தேங்காய் யார் துருவுவது, எந்த அடுப்பு எத்தனை மணிக்கு, எல்லாம் முன்கூட்டியே தாளில் இருக்கும். வீட்டில் நாலு பேர்தான். அதுக்கு ஒரு தாள் போதாதா?

முதலில் வாரத்தாள். ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து நிமிஷம் குடும்பமாக உட்காருங்கள். ஏழு நாளுக்கு ஏழு வரி. ஒவ்வொருத்தரும் தனக்குப் பிடித்த ஒரு சாப்பாட்டைச் சொல்லட்டும். மீதி நாட்களை நம்ம வழிபாட்டு நாளே காட்டிக் கொடுக்கும். வியாழன் குருவுக்குக் கொண்டைக்கடலை வைக்கிற வீடு என்றால் புதன் இரவே அரை கிலோவாக ஊற வையுங்கள். எட்டு மணி நேரம் ஊறி வெந்தால் ஒரு கிலோவுக்கு மேல் வரும். பாதி சுண்டல், மீதி பாதி ஃபிரிட்ஜில். வெள்ளி இரவு அதுவே சப்பாத்திக்குக் குருமா. சனிக்கிழமை பெருமாளுக்குப் புளியோதரை, தயிர் சாதம். ஞாயிறு பிள்ளைங்க கேட்கிற சைவ மீ ஹூன் கோரிங், அதில் தௌகேயும் தௌஹுவும் நிறைய.

அடுத்து பசார் பட்டியல். வாரத்தாளைப் பார்த்து ஒரே தடவை எழுதுங்கள். சீக்கிரம் வாடுகிற காங்கோங், பாயாம் கீரை எல்லாம் வாரத் தொடக்கத்துக்கு. முட்டைகோஸ், கேரட், பூசணி தாங்கும், அவை கடைசி நாட்களுக்கு. தெம்பே மறந்துடாதீங்க. மெல்லிசாக வெட்டிப் பொரித்து சம்பல் போட்டுப் பிரட்டினால் பிள்ளைங்க தட்டு காலியாகும். சைவ மட்டன் வாங்குவது தப்பு என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் பாக்கெட்டின் பின்பக்கம் படியுங்கள். சிலதில் முட்டை வெள்ளைக்கரு இருக்கும், மலாயில் 'பூத்தே தெலூர்' என்று போட்டிருப்பார்கள். விரதம் இருப்பவர்கள் இதைப் பார்க்காமல் வாங்கக்கூடாது.

மூணாவது நோட்டு. எங்களுக்கு இதுதான் முக்கியம். பிடித்த சமையல் எல்லாம் இன்றைக்கு எங்கே இருக்கிறது? பாதி வாட்சப்பில் புதைந்து கிடக்கிறது. மீதி பாட்டி மண்டைக்குள். ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்குங்கள். குழம்பு, பொரியல், கலந்த சாதம், பலகாரம் என்று நாலாகப் பிரியுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு சமையல். இப்படி எழுதினால் போதும்:

புளிக்காய்ச்சல். புளி 100 கிராம், நல்லெண்ணெய் 100 மில்லி, காய்ந்த மிளகாய் 12, கடலைப்பருப்பு, வேர்க்கடலை, பெருங்காயம், மஞ்சள், உப்பு, கொஞ்சம் வெல்லம். வறுத்த வெந்தயப் பொடி கடைசியில். எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை கொதிக்கணும். ஆறியதும் ஈரமில்லாத போத்தலில் போட்டு ஃபிரிட்ஜில். ஈரக் கரண்டி படக்கூடாது. யார் சொன்னது: பாட்டி. யாருக்குப் பிடிக்கும்: தம்பிக்கு.

அந்தக் கடைசி இரண்டு வரியை விட்டுடாதீங்க. இருபது வருஷம் கழித்து அந்த நோட்டைத் திறக்கும்போது அதுதான் பேசும்.

"கைப்பக்குவத்தை எல்லாம் எழுத முடியுமா?" என்று பெரியவங்க கேட்பாங்க. முழுசா முடியாதுதான். ஆனால் பாட்டி ஒரு கை பருப்பு போடும்போது அதைக் கிண்ணத்தில் வாங்கித் தராசில் வைத்துப் பார்க்கலாமே. பக்குவம் பழகப் பழக வரும், அளவு கையில் இருந்தால் ஆரம்பிக்கவாவது முடியும். கோயில் சமையல்கட்டிலும் இதே கவலைதான். பெரிய அண்டாவில் சர்க்கரைப் பொங்கல் பதம் பார்க்கத் தெரிந்த அம்மாக்களுக்கு வயசாகுது. கேட்டு எழுதாவிட்டால் அவர்களோடு அந்தப் பதமும் போய்விடும்.

இன்னொன்றையும் சொல்லியாகணும், கோபிக்காதீங்க. "வீட்ல ஏன் சமைக்கணும், கோயில்ல சாப்பாடு இருக்குல்ல" என்று டப்பாவோடு வருவது கூடிக்கொண்டே போகுது. பசியோடு வருகிற யாரையும் கோயில் திருப்பி அனுப்பாது, அனுப்பவும் கூடாது. ஆனால் வரிசையில் கடைசியில் நிற்கிற வயசானவருக்குச் சோறு இல்லாமல் போகும்போது எங்களுக்கு மனசு வலிக்குது. அன்னதானம் பிரசாதம். வீட்டு அடுப்புக்கு விடுமுறை கொடுக்க அல்ல.

கடைசியாக ஆண்களுக்கும் பிள்ளைங்களுக்கும். சுவரில் தாள் ஒட்டியிருந்தால் யார் வேண்டுமானாலும் கடலை ஊற வைக்கலாம், காய் நறுக்கலாம், அரிசி களையலாம். "என்ன செய்யணும்னு தெரியல" என்ற சாக்கு அன்றோடு முடிந்தது. விரதம் குடும்பத்துக்கு என்றால் அடுப்பும் குடும்பத்துக்குத்தான். எல்லாரும் சாப்பிட்ட பிறகு நின்றுகொண்டே சாப்பிடுகிற அம்மா இருக்கிற வீட்டில் பெருமாளுக்கு எத்தனை தளிகை போட்டு என்ன பயன்?

முதல் சனிக்கிழமைக்கு முன்னால் ஒரு தாள், ஒரு நோட்டு. தரிசனத்துக்கு வரும்போது நோட்டையும் எடுத்துக்கிட்டு சமையல்கட்டுப் பக்கம் வாங்க. நீங்க ஒன்று கொடுங்க, நாங்க ஒன்று எழுதித் தருகிறோம்.

கோவிந்தா! கோவிந்தா!