மூக்கில் தெளிக்கும் தடுப்புமருந்து: இன்னும் ஏன் ஊசியே போடுகிறோம்?

ஊசின்னாலே சிலருக்குக் கை நடுங்கும். "மூக்குல ஒரு தடவை தெளிச்சா போதும்" என்று சொன்னால் யாருக்குத்தான் பிடிக்காது?

சளிக்காய்ச்சலும் கோவிட்-19 நோயும் பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான் உடலுக்குள் நுழைகின்றன. தடுப்புமருந்தையும் அங்கேயே கொடுத்தால் என்ன?

கையில் போடும் ஊசி போதாதா?

கடுமையான நோயிலிருந்து அது நன்றாகவே காக்கிறது. ஆனால் மூக்கு, குடல் ஆகியவற்றின் உட்புறச் சவ்வில் காவல் இருப்பது 'ஐஜிஏ' எனும் தனி வகை எதிர்ப்புப்பொருள். கையில் போடும் ஊசி அதை அவ்வளவாகத் தூண்டுவதில்லை. ஊசி போட்ட பிறகும் நமக்குத் தொற்று வருவதற்கும், மற்றவருக்குப் பரவுவதற்கும் அது ஒரு காரணம்.

அப்போ நேரா மூக்குல தெளிக்கலாமே?

சிக்கலே அங்கேதான். மூக்குக்குள் நாள் முழுக்கத் தூசி போகிறது. குடலுக்குள் நாசி லெமாக் போகிறது. எல்லாவற்றையும் எதிரியாக நினைத்தால் உடல் தாங்காது. அதனால் பெரும்பாலானவற்றை அது கண்டுகொள்வதே இல்லை.

உயிருள்ள, ஆனால் வலுவிழந்த கிருமியைக் கொடுத்தால் அது பெருகும்; உடலும் விழித்துக்கொள்ளும். 1958இல் சிங்கப்பூரில் போலியோ பரவியபோது சுமார் 200,000 பிள்ளைகளுக்கு வாய்வழி கொடுக்கப்பட்டது அந்த வகை மருந்துதான். ஆனால் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு அது பொருந்தாமல் போகலாம். கிருமியின் ஒரு துண்டை மட்டும் கொடுப்பது அவர்களுக்குப் பாதுகாப்பானது. ஆனால் வெறும் துண்டைப் பார்த்து உடல் அசைவதில்லை.

அந்த இடத்தில்தான் துணையூக்கி தேவைப்படுகிறது. மருந்தோடு சேர்ந்து அபாயமணி அடிப்பது அதன் வேலை. ஊசி மருந்துகளில் அலுமினிய உப்பு அதைச் செய்கிறது. அதன் பலன் 1926இலேயே தெரியவந்தது. ஆனால் மூக்கிலும் குடலிலும் அது பெரிதாக எடுபடுவதில்லை. அங்கே பலமாக மணி அடிப்பவை காலரா, ஈ.கோலை ஆகிய கிருமிகளின் நஞ்சுகள்.

நஞ்சையா சேர்ப்பாங்க?

மிகச் சிறிய அளவில் சேர்த்தார்கள். சுவிட்சர்லந்தில் 2000ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த சளிக்காய்ச்சல் மூக்குத் தெளிப்பில் ஈ.கோலை நஞ்சு இருந்தது. சில மாதங்களில், போட்டுக்கொண்ட சிலருக்கு முகத்தின் ஒரு பக்கம் செயலிழந்தது. முகவாதம்! மருந்து நிறுத்தப்பட்டது.

2004இல் வெளிவந்த ஆய்வின்படி, அதைப் போட்டுக்கொண்ட 10,000 பேரில் கூடுதலாகச் சுமார் 13 பேருக்கு முகவாதம் வந்தது. முக்கியச் சந்தேகம் அந்த நஞ்சின் மீதுதான். அது நரம்பு உயிரணுக்களிலும் ஒட்டிக்கொள்ளக்கூடியது.

இப்போ நிலைமை என்ன?

ஆய்வாளர்கள் கைவிடவில்லை. நஞ்சின் வீரியத்தைப் பெரிதும் குறைத்து, மணி அடிக்கும் திறனை மட்டும் வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். அப்படி மாற்றிய ஈ.கோலை நஞ்சு ஒன்று, வயிற்றுப்போக்குக்கான வாய்வழித் தடுப்புமருந்தோடு மனிதர்களிடம் சோதிக்கப்பட்டிருக்கிறது. குடலில் சரிப்பட்டு வருவது மூக்கிலும் சரிப்படும் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் 'ஃபுளூமிஸ்ட்', 2022இல் இந்தியா அனுமதித்த 'இன்கோவேக்' ஆகிய மூக்குவழி மருந்துகளில் துணையூக்கி கிடையாது.

"ஊசி இல்லாத தடுப்புமருந்து வந்தாச்சு" என்று அடுத்த முறை வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? எத்தனை நாள் கவனித்தார்கள்?

சுவிட்சர்லந்தில் ஆபத்து அதிகமாக இருந்தது தெளித்த அன்றோ மறுநாளோ அல்ல. 31ஆம் நாளுக்கும் 60ஆம் நாளுக்கும் இடையில். ஆயிரம் பேரிடம் மட்டும் சோதித்திருந்தால் ஓரிருவர்தான் சிக்கியிருப்பார்கள். தற்செயல் என்று விட்டிருப்போம்.

தாமதம் ஏன் என்று இப்போ புரியுதா?