ஏரி நாட்டில் இத்தாலி வீடு!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது தொழிற்சாலை. அடுத்துப் படுவது மனை விற்பனைப் பலகை.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் கார் தயாரிப்பு தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. வேலை வந்தது. வேலைக்குப் பின்னால் வீடும் வந்தது. 20 வருடக் கடன் வாங்கிக் கட்டுகிறார்கள். "மத்திய தரைக்கடல் பாணி" என்ற பெயரும் இப்போது அடிபடுகிறது.

அது என்ன பாணி?

ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே உள்ளது மத்திய தரைக்கடல். அதன் கரையில் இத்தாலி, கிரீஸ், ஸ்பெயின் முதலிய நாடுகள் இருக்கின்றன. வெள்ளைச் சுவர், சிவப்பு ஓடு, வளைவு வாசல், நடுவில் முற்றம். இதுதான் அங்குள்ள வீடு. அமெரிக்காவில், கலிபோர்னியாவின் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவிலும் பணக்காரர்கள் இப்படிக் கட்டுகிறார்கள். அங்கே அது பொருந்தும். அங்கும் கோடையில் மழை கிடையாது. குளிர்காலத்தில்தான் மழை.

தடித்த கற்சுவர் வெயிலை மெதுவாகத்தான் உள்ளே விடும். சுண்ணாம்பு வெள்ளை, வெயிலைத் திருப்பி அடிக்கும். முற்றம் காற்றைக் கொண்டு வரும்.

முற்றமும் சுண்ணாம்பும் ஓடும் தமிழ்நாட்டில் இல்லாதவையா? திண்ணையும் உண்டே! பாட்டி வீட்டை இடித்துவிட்டு, அதையே வெளிநாட்டுப் பெயரில் விலைக்கு வாங்குவது வேடிக்கைதான்.

படம் மட்டும் வருகிறது

அந்த முற்றமாவது வருகிறதா? 1,200 சதுர அடி மனையில் முற்றம் விட்டால் ஓர் அறை போய்விடும். ஆகவே அது போகிறது. சுவரும் மெல்லியது. வளைவும் வெள்ளை வர்ணமும்தான் மிச்சம். படத்தில் இல்லை என்பதால் ஜன்னலுக்கு மேல் சன்ஷேடும் வைப்பதில்லை.

இங்குள்ள வெயில் புழுக்கத்தோடு வருவது. கிரீஸ்காரர் பகலில் ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம். இங்கே சாத்தினால் வேர்த்துக் கொட்டும். எதிரெதிர் ஜன்னல் வேண்டும்.

மழைக் கணக்கு

கிரீஸ் தலைநகர் ஏதென்ஸில் ஒரு வருடம் முழுவதும் பெய்யும் மழை சுமார் 400 மில்லிமீட்டர். செம்பரம்பாக்கத்தில் 2015 டிசம்பர் 1 காலை முதல் மறுநாள் காலை வரை பெய்தது 475 மில்லிமீட்டர். அங்கே ஒரு வருடத்தில் பெய்வதைவிட இங்கே ஒரே நாளில் அதிகம்!

இது ஏரிகளின் நாடு. ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி, மணிமங்கலம் ஏரி என்று அடுத்தடுத்து இருக்கின்றன. ஓர் ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும். பிள்ளைப்பாக்கத்தின் உபரி நீர் செம்பரம்பாக்கத்துக்குத்தான் வருகிறது. நடுவில் உள்ள கால்வாயைத் தூர்த்து மனை போட்டாலும், தண்ணீர் பழைய வழியை மறப்பதில்லை.

எதை முதலில் பார்ப்பது?

வாசல் வளைவை அல்ல. நிலத்தைப் பார்க்க வேண்டும். கிராம வரைபடத்தில் அந்த சர்வே எண்ணுக்குப் பக்கத்தில் ஓடை, வாய்க்கால், ஏரிப் புறம்போக்கு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஊர்ப் பெரியவர்களிடம், 2015-ல் தண்ணீர் எதுவரை நின்றது என்று விசாரிக்கலாம். காசு செலவில்லை.

அடுத்தது தரை மட்டம். தார் போடப் போட ரோடு உயர்ந்துகொண்டே போகும். வீட்டுத் தரை இன்றைய ரோட்டைவிட ஓர் அடி மட்டும் உயரமாக இருந்தால், சில வருடங்களில் தெருத் தண்ணீர் கூடத்துக்குள் வந்துவிடும். அப்போது கடன் தவணை பாதிகூட முடிந்திருக்காது.