வைத்தியரா, பொறியியலாளரா? இரண்டும் சேரும் ஓர் இடம்



எமது பெற்றோரின் காலத்தில் பித்தப்பைக் கல்லுக்குச் சத்திரசிகிச்சை செய்தவர்களின் வயிற்றில் ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு இருக்கும். இன்று டோர்ட்மண்டில் அதே சிகிச்சைக்குப் போகும் எம்மவர்கள் பெரும்பாலும் சில நாட்களில் வீடு திரும்பி விடுகிறார்கள். மூன்று நான்கு சிறு துளைகளின் அடையாளம்தான் மிஞ்சுகிறது. "நல்ல டொக்டர்" என்று மகிழ்கிறோம். அந்தத் துளைக்குள்ளால் போன கருவியைச் செய்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. அதைக் கேட்கும் பழக்கம் எமது பிள்ளைகளுக்கு வரவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

லாப்பரோஸ்கோபி எனப்படும் இம்முறையில் வயிற்றைக் கரியமில வாயுவால் ஊதி இடம் உண்டாக்குவார்கள். பின்பு 5 அல்லது 10 மில்லிமீற்றர் அகலமான குழாய்களை உள்ளே செலுத்தி, அவற்றின் வழியே கமராவையும் நீண்ட மெல்லிய கருவிகளையும் விடுவார்கள். துடுப்பு வலிப்பது போன்றது இது. கை வலப்பக்கம் போனால் கருவியின் நுனி இடப்பக்கம் போகும். குழாயின் உராய்வினால் தொடும் உணர்வும் குறைந்துவிடும். பெரிய கைகளுக்கு ஏற்றபடி செய்த கைபிடி சிறிய கைகளை உடைய வைத்தியருக்கு நோவைத் தரும். மீண்டும் பாவிக்கும் கருவி என்றால் 134 பாகை நீராவியையும் தாங்க வேண்டும், இரத்தம் தங்கும் இடுக்குகளும் அதில் இருக்கக்கூடாது.

பொறியியல் வடிவமைப்பைப் படிக்கும் மாணவருக்கு இதைவிடச் சிறந்த பாடம் உண்டா? நெம்புகோல், உராய்வு, உலோகத்தின் தன்மை எல்லாம் ஒரு கைக்கருவிக்குள் அடங்கியிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, பாவிப்பவரின் கையையும் நோயாளியின் உடலையும் பார்க்காமல் வரைந்த வரைபடம் பயன்படாது என்பதை இக்கருவி கற்றுக் கொடுக்கிறது.

இதற்கு உதாரணம் தேடித் தூரம் போகத் தேவையில்லை. 1980ஆம் ஆண்டு கீல் நகரில் முதன்முதலாக லாப்பரோஸ்கோபி முறையில் குடல்வாலை அகற்றியவர் பேராசிரியர் குர்ட் செம். மகப்பேற்று வைத்தியரான அவர், மருத்துவம் படிக்குமுன் கருவி செய்யும் தொழிலைக் கற்றவர். வயிற்றுக்குள் வாயுவை அளவாகச் செலுத்தும் இயந்திரத்தையும், மாணவர்கள் பழகுவதற்கு 'பெல்விட்ரெய்னர்' என்ற பெட்டியையும் உருவாக்கியவர் அவரே. அன்று சக வைத்தியர்கள் பலர் அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள். 1985இல் போப்லிங்கன் நகரில் எரிஹ் மூஹே என்ற வைத்தியர், தாம் வடிவமைத்த கருவியைக் கொண்டு இம்முறையில் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றினார். பட்டறை அறிவும் மருத்துவ அறிவும் ஒன்றுசேர்ந்ததாலேயே இவை நடந்தன.

அண்மைக்கால உதாரணம் ஒன்றும் உண்டு. இந்தியாவின் கிராமப்புற வைத்தியசாலைகள் பலவற்றில் வாயு வசதியும் முழு மயக்கம் கொடுக்கும் வசதியும் குறைவு. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகப் பொறியியலாளர்கள், சத்திரசிகிச்சை நிபுணர் ஞானராஜ் போன்றவர்களோடு சேர்ந்து, வாயு இல்லாமலே வயிற்றுச் சுவரைத் தூக்கிப் பிடிக்கும் கருவி ஒன்றை வடிவமைத்தார்கள். தேவை எங்கே இருக்கிறது என்று கேட்டறிந்து செய்த வேலை அது.

இனி எமது நகரத்துக்கு வருவோம். டோர்ட்மண்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் உண்டு, மருத்துவ பீடம் இல்லை. மருத்துவ பீடம் அயலிலுள்ள போகும் ரூர் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இரு நகரங்களையும் எஸ் 1 ரயில் இணைக்கிறது. பொறியியல் மாணவர்கள் ஒரு பருவமாவது சத்திரசிகிச்சை செய்பவர்களின் அருகில் இருந்து, அவர்களின் சிரமத்தைக் கேட்டு, ஒரு கருவியைச் செய்து பார்க்கும் பாடம் எல்லா இடத்திலும் வேண்டும் என்பது எமது கருத்து. நிலக்கரியும் உருக்கும் போன பின்பு நுண்தொழில்நுட்பத்தை நம்பி எழ முயன்ற இந்த நகரத்துக்கு அது நன்கு பொருந்தும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "மகன் டொக்டர், மகள் இஞ்சினியர்" என்பதற்கு வெளியே எதையும் நாம் மதிப்பதில்லை. கிம்னாசியம் கிடைக்காத பிள்ளையை வீட்டில் குறைத்துப் பேசுகிறோம். அவுஸ்பில்டுங் செய்யும் பிள்ளையைப் பற்றி விழாக்களில் பேச்சே எடுப்பதில்லை. ஆனால் இந்த நாட்டில் சத்திரசிகிச்சைக் கருவி செய்வதற்கென்றே மூன்றரை ஆண்டு அவுஸ்பில்டுங் இருக்கிறது. தெற்கிலுள்ள டுட்லிங்கன் என்ற சிறிய நகரத்தில் நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் இத்தொழிலைச் செய்து உலகெங்கும் அனுப்புகின்றன. எங்கள் உறவினரின் உயிரைக் காத்ததில் அந்தக் கைகளுக்கும் பங்கு உண்டு.

சங்கம் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கிறது. ஒரு காகிதப் பெட்டியில் இரண்டு துளைகள் இட்டு, உள்ளே ஒரு கைத்தொலைபேசிக் கமராவை வைத்து, நீண்ட இடுக்கிகளால் பட்டாணியை எடுத்து வைக்கும் போட்டியை அடுத்த ஒன்றுகூடலில் நடத்தலாம். பின்பு "இந்த இடுக்கியை எப்படி மாற்றினால் சுலபமாகும்?" என்று பிள்ளைகளிடம் கேட்போம். வடிவமைப்பு அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. பெற்றோரும் பெட்டிக்குள் கைவிட்டுப் பார்க்கட்டும். கருவி செய்பவரின் அருமை அப்போது விளங்கும்.