ஒற்றனுக்குக் கைதட்டுமுன்

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் தொலைக்காட்சியில் ஓர் ஒற்றன் ஓடிக்கொண்டிருக்கிறான். தீவிரவாதக் கூட்டத்துக்குள் வேறு பெயரில் நுழைந்து, அவர்களோடு உண்டு உறங்கி, கடைசி ஐந்து நிமிஷத்தில் ஊரைக் காப்பாற்றிவிடுகிறான். பேரப்பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். நாமும் சேர்ந்து தட்டுகிறோம்.

அரசாங்கக் கோப்புகளோடு காலம் தள்ளியவன் நான். எனக்கு இந்தக் கதைகளிடம் கேட்க ஒரே கேள்விதான். அந்தக் கூட்டத்துக்குள் இருந்த காலமெல்லாம் அவன் அங்கே என்ன வேலை பார்த்தான்? சும்மா உட்கார்ந்திருப்பவனை எந்தக் கூட்டமும் நம்பாது. நம்பிக்கை வேண்டுமென்றால் அவர்கள் வேலையைச் செய்தாக வேண்டும். அப்படிச் செய்த வேலைக்குப் பொறுப்பு யார்? இந்த இடம் வந்ததும் கதை சண்டைக் காட்சிக்குத் தாவிவிடும்.

நிஜத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் பிரெஞ்சில் படித்தவர்கள். ஆல்பேர் கமுய் 1949இல் எழுதிய ‘லே ழுஸ்த்’ நாடகம் எங்களில் பலருக்குத் தெரியும். ருஷ்ய இளைஞன் கலியாயெவ், வண்டிக்குள் குழந்தைகள் இருப்பதைப் பார்த்துவிட்டுக் குண்டை வீசாமல் திரும்பிவிடுவான். அது நடந்த சம்பவம். அடுத்த முறை, 1905இல், வீசினான். ஜார் மன்னரின் சித்தப்பா செர்கெய் மாண்டார். கலியாயெவைத் தூக்கில் போட்டார்கள். நாடகத்தில் வராத ஆள் ஒருவன் உண்டு. அந்தக் குண்டுவீச்சுக் குழுவுக்கே தலைவன், அசேவ்.

அசேவ் 1893 முதல் ருஷ்யப் போலீசிடம் சம்பளம் வாங்கியவன். ஜெர்மனியில் பொறியியல் படித்தபோது தானாகவே கடிதம் எழுதி வேலையில் சேர்ந்தான். ஆரம்பத்தில் மாதம் 50 ரூபிள், பிறகு பல மடங்கு. அந்தச் சம்பளத்தை வாங்கிக்கொண்டேதான் 1904இல் உள்துறை அமைச்சர் பிளேவேயைக் கொல்லும் ஏற்பாட்டையும் செய்தான். போலீஸ் இலாகாவே அந்த அமைச்சரின் கீழ்தான் இருந்தது! இந்தப் பக்கம் தோழர்களைக் காட்டிக்கொடுத்துத் தூக்குமேடைக்கு அனுப்பினான். அந்தப் பக்கம் குண்டுக்கு ஆள் அனுப்பினான். இரண்டு பக்கமும் அவனை நம்பின.

1908இல் புர்ட்செவ் என்ற பத்திரிகையாளர் உண்மையைத் தோண்டி எடுத்தார். போலீஸ் இலாகாவின் முன்னாள் தலைவர் லோபுகின், ஆமாம், அவன் எங்கள் ஆள்தான் என்று ஒப்புக்கொண்டார். யாருக்குத் தண்டனை என்று நினைக்கிறீர்கள்? உண்மையைச் சொன்ன லோபுகினைத்தான் சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். அசேவ் பெர்லினுக்கு ஓடி வேறு பெயரில் வியாபாரம் பார்த்தான். 1918இல் அங்கேயே செத்தான்.

1909இல் பிரதமர் ஸ்தொலிப்பின் நாடாளுமன்றத்தில் எழுந்து, போலீசுக்குத் தகவல் தந்த பலரில் அசேவும் ஒருவன், அவ்வளவே என்று வாதாடினார். இரண்டு வருஷம் கழித்து, கீவ் நகர நாடக அரங்கில், ஜார் மன்னர் இருக்கும்போதே அதே ஸ்தொலிப்பினைச் சுட்டுக் கொன்றவன் பொக்ரோவ். அவனும் போலீஸ் ஒற்றன்தான். அன்று மாலை அரங்கத்துக்குள் நுழைய டிக்கெட் கொடுத்ததே போலீஸ்தான்.

நம் புதுச்சேரி மட்டும் என்ன? பாரதியார், அரவிந்தர், வ.வே.சு. ஐயர் இங்கே தஞ்சமிருந்த நாட்களில் தெருவுக்குத் தெரு பிரிட்டிஷ் உளவாளிகள். எழுதி அனுப்ப விஷயம் கிடைக்கவில்லை. என்ன செய்தார்கள்? போலிக் காகிதங்களை அடைத்து ஐயர் வீட்டுக் கிணற்றில் போட்டார்கள். நல்லவேளை, தண்ணீர் இறைக்கும்போது அது வாளியில் வந்தது. இவர்களே பிரெஞ்சு அதிகாரிகளிடம் போய்ச் சொன்னதால் தப்பித்தார்கள். ஒற்றனுக்குச் செய்தி இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. செய்தி இல்லாதபோது அவனே செய்தியை உண்டாக்குவான். இந்த ரகத்து ஆளுக்கென்றே பிரெஞ்சில் ‘அழான் ப்ரொவொகாத்தர்’ என்று ஒரு பெயர் உண்டு. அதாவது, தூண்டிவிடுவதற்கென்றே அனுப்பப்பட்டவன்.

ஒற்றனே இல்லாமல் குண்டுவெடிப்பை எப்படித் தடுப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒற்றன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உயிரைப் பணயம் வைத்து உள்ளே போய், ஊரைக் காத்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு குமாஸ்தா ஒரு டஜன் பென்சில் வாங்கினால்கூட மேலதிகாரி கையெழுத்து வேண்டும், தணிக்கை வேண்டும். மனித உயிரோடு விளையாடும் வேலைக்கு மட்டும் கணக்குக் கேட்கக் கூடாது என்றால் எப்படி? ‘ரகசியம்’ என்ற ஒரு சொல்லே அசேவுக்குப் பதினைந்து வருஷம் கேடயமாக இருந்தது.

சினிமாக்காரர்களிடம் வேண்டுவது இதுதான். ஒற்றனைக் காட்டுங்கள், தாராளமாக. அவனை அனுப்பிய அதிகாரியையும் காட்டுங்கள். உள்ளே அவன் கையால் செத்தவர்களின் வீட்டையும் காட்டுங்கள். அதற்குப் பிறகும் கைதட்டத் தோன்றினால் தட்டிக்கொள்ளலாம்.